"ஜெபித்துவிட்டுச் செய்யலாம்" என்பதும் தள்ளிப்போடுவதுதானா?

கேள்வி:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். என் அண்ணனோடு பேச்சு நின்று ரொம்ப நாளாகிறது. சொத்து விஷயத்தில் வார்த்தை முற்றிவிட்டது. போய்ப் பேசு என்று உள்ளே ஏவுதல் இருக்கிறது. இயேசுவின் மலைப்பிரசங்கம் வாசிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. ஆனால் போனில் அவர் எண்ணை எடுத்ததும் கை நின்றுவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் ஜெபிப்போம், கர்த்தர் வேளையைக் காட்டட்டும்" என்று போனை வைத்துவிட்டு முழங்காலில் போய்விடுகிறேன். இது காத்திருப்பதா, தள்ளிப்போடுவதா? எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில் 1:
சகோதரி, உங்களை உறுத்துகிற அந்த வசனத்திலேயே பதில் இருக்கிறது. மத்தேயு 5:23, 24-ஐ மெதுவாக வாசியுங்கள். அந்த மனுஷன் காணிக்கையோடு பலிபீடத்தண்டையில் நிற்கிறான். ஆராதனைக்கு நடுவில்தான் தன்மேல் குறையுள்ள சகோதரன் ஞாபகம் வருகிறது. "காணிக்கையைச் செலுத்திவிட்டுப் போ" என்று இயேசு சொல்லவில்லை. அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். இதை அவர் சொன்னது கலிலேயாவில்; பலிபீடம் இருந்ததோ எருசலேமில். கேட்டுக்கொண்டிருந்த கலிலேயருக்கு அது நாள்கணக்கில் நடக்கிற தூரம். ஊருக்குத் திரும்பி, ஒப்புரவாகி, மறுபடியும் எருசலேம் வர வேண்டும். அப்படியும் முதலில் சகோதரன்தான்.

அதனால் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். எந்த வேலைக்குப் போவது, யாரைத் திருமணம் செய்வது என்பதற்கெல்லாம் வழிநடத்துதலுக்காகக் காத்திருக்கலாம், காத்திருக்கவும் வேண்டும். ஆனால் வசனம் "போ" என்று நேராகச் சொன்ன இடத்தில், போகலாமா என்று கேட்டு ஜெபிக்க ஒன்றுமில்லை. எப்படிப் பேசுவது, கோபம் வராமல் எப்படிக் காத்துக்கொள்வது என்று கேளுங்கள்.

காத்திருப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, பெர்சிய ராஜாவின் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம் (மதில்) இடிந்த செய்தி கேட்டு ஏறக்குறைய 4 மாதம் அழுது, உபவாசித்து, ஜெபித்தார். பிறகு ராஜா "என்ன வேண்டும்" என்று கேட்டதும், அந்த இடத்திலேயே ஒரு சின்ன ஜெபம், உடனே பதில். எவ்வளவு காலம் பிடிக்கும், யாருக்கெல்லாம் கடிதம் வேண்டும், வனக்காவலன் பெயர் ஆசாப் என்பது வரைக்கும் தயாராக வைத்திருந்தார் (நெகேமியா 2). ஜெபித்த மாதங்களில் அவர் அலங்கத்தைக் கட்டும் வேலைக்கு நெருங்கி வந்திருக்கிறார். உங்கள் ஜெபம் உங்களை அண்ணனிடம் நெருங்க வைக்கிறதா, விலக்கி வைக்கிறதா? அதை வைத்தே பிரித்துப் பார்த்துவிடலாம்.

பதில் 2:
அப்போஸ்தலன் பவுலைக் காவலில் வைத்திருந்த ரோம தேசாதிபதி பேலிக்ஸையும் நினைத்துக்கொள்ளுங்கள். பவுல் பேசியதைக் கேட்டுப் பயந்தவன்தான். "எனக்குச் சமயமானபோது உன்னை அழைப்பிப்பேன்" என்று அனுப்பிவிட்டான் (அப்போஸ்தலர் 24:25). அதற்குப் பிறகும் பலமுறை கூப்பிட்டுப் பேசினான், பணம் கிடைக்கும் என்ற ஆசையும் இருந்தது. 2 வருஷம் போய்விட்டது, மனந்திரும்பியதாக ஒரு வரிகூட இல்லை.

நடைமுறைக்கு ஒன்று: முதல் போனிலேயே சொத்தை எடுக்காதீர்கள். "அண்ணா, எப்படி இருக்கீங்க? உங்களை நினைச்சுக்கிட்டே இருந்தேன்." அவ்வளவு போதும். நான் என் நாத்தனாரோடு அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. என் ஜெபம் என்னை விலக்கித்தான் வைத்திருக்கிறது. ஒரு பயம் மட்டும் இருக்கிறது: அவர் போனை வைத்துவிட்டால்?

பதில் 1:
வைக்கலாம். அதனால்தான் பவுல் "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று எழுதுகிறார் (ரோமர் 12:18). அண்ணன் என்ன சொல்வார் என்பது உங்கள் கையில் இல்லை, கூப்பிடுவது இருக்கிறது. எப்போது கூப்பிடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதே நேரத்தில் நானும் ஜெபத்தில் இருக்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று இரவு எட்டரைக்கு. அண்ணன் வேலை முடிந்து வந்து சாப்பிட்டிருப்பார்.

பதில் 2:
நானும் சேர்ந்துகொள்கிறேன், சிஸ்டர்.