பொங்கலுக்குள் பரணை ஒழிக்க வேண்டும்: எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுப்பது?

கேள்வி: குடந்தை மருமகள்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு இந்தப் பொங்கலுக்குக் கொழுந்தனார் குடும்பமும் நாத்தனார் குடும்பமும் வருகிறார்கள். அவர்கள் தங்க வேண்டிய அறையின் பரணில் பித்தளைத் தவலைகள், குத்துப்போணி, அடுக்குகள், மறைந்த மாமனாரின் காகிதக் கட்டுகள் அடைத்த ட்ரங்குப் பெட்டிகள், அத்தையின் பழைய பட்டுப் புடவைகள், இலவம்பஞ்சு மெத்தைகள், ஓடாத டிவி, பழுதான மிக்ஸி என எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் போகிக்கு முதல் நாள்தான் பரணில் கை வைக்கிறோம். இறக்கியவற்றில் பாதி அவசரத்தில் குப்பைக்கும் தீக்கும் போகிறது. மீதி மறுபடியும் பரணுக்கே ஏறிவிடுகிறது. அத்தைக்கு எதையும் வெளியே விட மனம் வருவதில்லை. அவர் மனம் நோகாமலும், வேண்டியது எதுவும் கைதவறிப் போகாமலும் இந்த வேலையைச் செய்து முடிக்க வழி சொல்ல வேண்டுகிறேன். மார்கழி இப்போதுதான் பிறந்திருக்கிறது என்பதால் நேரம் இருக்கிறது.

பதில்: தஞ்சை மண்

வணக்கம் சகோதரி. பரணில் இருப்பதையெல்லாம் ஒரே நாளில் கூடத்தில் இறக்கிப் பரப்பாதீர்கள். அப்படிப் பரப்பினால் வீட்டில் நடக்க இடமில்லாமல் போய், பெரியவர்களுக்கும் கலக்கம் வந்து, பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றும்படி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு வகைப் பொருளை மட்டும் இறக்குங்கள். அது போகுமிடம் முடிவாகும்வரை அடுத்ததைத் தொட வேண்டாம்.

முதலில் பாத்திரங்களை எடுத்துக்கொள்ளலாம். அத்தையை வசதியாக உட்கார வைத்து, ஒவ்வொன்றையும் அவர் கையில் கொடுத்துக் கேளுங்கள். நம் பக்கத்துப் பித்தளைப் பாத்திரங்களின் விளிம்பில் பெயரும் தேதியும் புள்ளி புள்ளியாகப் பொறித்திருப்பார்கள். புளி போட்டுத் தேய்த்தால் அழுக்கு விலகி எழுத்து துலங்கும். யார் கல்யாணத்துக்கு யார் வைத்த சீர் என்பது தெரிந்துவிடும். அந்தப் பெயருக்கு உரியவரோ அவருடைய பிள்ளைகளோ பொங்கலுக்கு வருகிறார்கள் என்றால், அத்தையே தம் கையால் அதை எடுத்துக் கொடுக்கட்டும். பொருளை விடுவதைவிட, அது யார் கைக்குப் போகிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரியவர்களை அதிகம் வருத்துகிறது என்பது என் எண்ணம்.

எடைக்குப் போடுவதற்கு முன் உலோகத்தைப் பிரித்துப் பாருங்கள். வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. பித்தளையோ செம்பும் துத்தநாகமும் கலந்தது. பழைய வெண்கலப் பானையையும் உருளியையும் பித்தளை என்று எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். பொங்கல் வைக்க அவற்றுக்கு ஈடில்லை. பித்தளைத் தவலையில் மறுபடியும் சமைப்பதாக இருந்தால் உட்புறம் வெள்ளீயம் பூசியாக வேண்டும். பூசாத பாத்திரத்தில் புளியோ தயிரோ பட்டால் களிம்பு ஏறும். ஒளி மங்கி நசுங்கிய சிறு சொம்பு ஏதேனும் கிடைத்தால், அது ரசம் வைக்கும் ஈயச் சொம்பாக இருக்கலாம். அதைச் சுத்தம் செய்தபின் ஈரம் காயட்டும் என்று வெறுமையாக அடுப்பில் ஏற்றிவிட வேண்டாம். வெள்ளீயம் ஏறத்தாழ 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும்.

பதில்: சென்னைவாசி

தீயைப் பற்றி மட்டும் சொல்ல வருகிறேன். மார்கழிக் கடைசியில் விடியற்காலைக் காற்று குளிர்ந்து தரையோடு தங்கிவிடுவதால் புகை மேலே எழுந்து கலைவதில்லை. 2018ஆம் ஆண்டு போகியன்று பனியும் புகையும் சேர்ந்து கவிந்ததில் சென்னை விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்தே பாதிக்கப்பட்டது. தெருவில் ஆஸ்துமா உள்ள ஒரு குழந்தை இருந்தால் அந்தக் காலைப் பொழுது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இங்கே மாநகராட்சியே போகிக்கு முந்தைய நாட்களில் பழைய துணி, டயர் முதலியவற்றைத் தூய்மைப் பணியாளர்களிடம் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறது. உங்கள் ஊர் மாநகராட்சி அலுவலகத்திலும் விசாரியுங்கள். சடங்குக்கு ஒரு கிழிந்த பாயும் சில வறட்டியும் போதும்.

இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கி எறியத் தேவையில்லை. பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்துப் புது உறையில் திணித்துக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விருந்தினருக்கே அது பயன்படும். பழைய படக்குழாய் டிவியை மட்டும் வீட்டில் யாரும் உடைக்க வேண்டாம், அதன் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. அதையும் மிக்ஸியையும் மின்னணுக் கழிவு வாங்கும் அங்கீகாரம் பெற்றவர்களிடமே கொடுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நூலகர்

ட்ரங்குப் பெட்டியைத் தயவுசெய்து பழைய பேப்பர்காரர் வரும் நாளில் திறக்காதீர்கள். மூலப் பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீதுகள், காப்பீட்டுப் பத்திரம் ஆகியவை பெரும்பாலும் மளிகைக் கணக்குக்கும் கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில்தான் மடிந்து கிடக்கும். மூலப் பத்திரம் தொலைந்துவிட்டால் காவல் நிலையத்தில் புகார், நாளிதழில் விளம்பரம், கண்டுபிடிக்க இயலவில்லை என்ற சான்று என அலைய வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்து, தாள் தாளாகப் பார்த்துவிடுங்கள். கரையான் மண் ஒட்டிய கட்டை மற்றவற்றோடு சேர்க்காமல் உடனே தனியே வையுங்கள்.

சொத்து ஆவணம் அல்லாதவற்றிலும் அருமையானவை இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு நின்றுவிடாமல், நாடக நோட்டீசுகளையும் கல்யாணப் பத்திரிகைகளையும்கூடச் சேர்த்து வைத்தார். அந்தச் சேகரிப்பிலிருந்துதான் சென்னையில் 1994ஆம் ஆண்டு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. மாமனார் பழைய இதழ்களையோ நோட்டீசுகளையோ சேர்த்திருந்தால், எடைக்குப் போடும் முன் அத்தகைய நூலகம் ஒன்றுக்குப் பட்டியல் எழுதி அனுப்பிக் கேளுங்கள்.

குடந்தை மருமகள்

அனைவருக்கும் மிக்க நன்றி. பெயர் பொறித்த பாத்திரங்களைப் பற்றிச் சொன்னதுமே, நாத்தனாருக்குச் சேர வேண்டியவை எவை என்று அத்தை தாமாகவே சொல்லத் தொடங்கிவிட்டார். பெட்டிகளை இந்த வாரம் திறக்கிறோம். பட்டுப் புடவைகளை என்ன செய்வது என்றும் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். மடிப்பில் இற்றுப்போனவை சில இருக்கின்றன.

பதில்: காஞ்சி நெசவு வீடு

உடல் இற்றிருந்தாலும் கரையும் முந்தானையும் உறுதியாக இருந்தால், அவற்றைப் பிரித்தெடுத்துப் பேத்திகளுக்குப் பாவாடை தைக்கலாம். பழைய ஜரிகை வாங்குவோரிடம் கொடுப்பதாக இருந்தால், விலை பேசும் முன் ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசியிருக்கும். உள்ளே சிவப்பு தெரிந்தால் ஒரே கடையில் கேட்டு முடித்துவிடாமல் இன்னும் சில கடைகளில் விசாரியுங்கள். வைத்துக்கொள்ளும் புடவைகளை நிழலில் காற்றாட விட்டு, பழைய மடிப்பை மாற்றி மடித்து, துவைத்த வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படக் கூடாது. அதற்குப் பதிலாக வசம்பைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்ற வேண்டியிருப்பதால், புடவைகளை மறுபடியும் பரணில் ஏற்றாமல் கைக்கு எட்டும் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள்.