கான்டின்ஸ்கியின் நிலக்காட்சி: வழக்கில் வென்ற பிறகும் திருப்பிக் கொடுத்தது ஏன்?

கேள்வி (நிறக்குடுவை):
வணக்கம். 1921இல் ரஷ்யாவை விட்டு வெளியேறி, 1933இல் நாஜிகளால் ஜெர்மனியையும் விட்டுப் பிரான்சில் குடியேறிய வசிலி கான்டின்ஸ்கி, 1909இல் வரைந்த ‘வீடுகளுள்ள ஓவியம்’ பற்றிப் படித்து வருகிறேன். அதை ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலைக் அருங்காட்சியகம் 1940 அக்டோபரில் பொது ஏலத்தில் வாங்கியிருக்கிறது. ஓவியத்தை முன்பு வைத்திருந்த லெவன்ஸ்டைன் என்ற யூதக் குடும்பத்தின் வாரிசுகள் அதைத் திருப்பிக் கேட்டபோது, நாஜி காலத்தில் பறிபோன கலைப் பொருள்கள் மீதான கோரிக்கைகளை ஆராயும் நெதர்லாந்தின் மீட்புக் குழு 2018இல் மறுத்தது. 2020 டிசம்பரில் நீதிமன்றமும் அம்முடிவை நிலைநிறுத்தியது. அப்படியிருந்தும் 2022இல் ஓவியம் வாரிசுகளிடம் போய்ச் சேர்ந்தது எப்படி?

பதில் (பழஞ்சுவடி):
முதலில் தேதியைப் பாருங்கள். ஜெர்மானியப் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது 1940 மே மாதம். ஏலம் நடந்தது ஐந்தே மாதங்களில். ஒரு யூதக் குடும்பத்தின் கான்டின்ஸ்கி ஓவியம் அன்று 160 கில்டருக்கு (அக்கால நெதர்லாந்து நாணயம்) போயிற்று. குடும்பத்துக்கு ஏற்கெனவே பண நெருக்கடி இருந்தது என்பதையும், ஓவியம் அருங்காட்சியகத்துக்கு முக்கியமானது என்பதையும் குழு காரணமாகச் சொன்னது. இரண்டாவது காரணத்தைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. பறிகொடுத்தவரின் உரிமையையும் வைத்திருப்பவரின் விருப்பத்தையும் ஒரே தராசில் நிறுத்துவது எப்படி நியாயமாகும்?

பதில் (ஆவணப்பெட்டி):
நீதிமன்றம் ஓவியம் யாருக்குச் சொந்தம் என்று புதிதாக விசாரிக்கவில்லை. இரு தரப்பும் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டிருந்த குழுவின் முடிவில் பெரும் பிழை உண்டா என்று மட்டுமே பார்த்தது. அதே டிசம்பரில், மீட்புக் கொள்கையை மறு ஆய்வு செய்த கோன்ஸ்டாம் குழு, அருங்காட்சியகத்தின் நலனை எடைபோடும் வழக்கத்தைக் கைவிடச் சொன்னது. ஓவியத்தின் உரிமையாளரான ஆம்ஸ்டர்டாம் நகராட்சி, மீண்டும் மீட்புக் குழுவுக்கு அனுப்பாமல், 2021 ஆகஸ்டில் தானாகவே திருப்பிக் கொடுக்கத் தீர்மானித்தது.

நிறக்குடுவை:
மிக்க நன்றி, ஐயா. இதே போக்கில் வேறு நிலக்காட்சி ஏதும் திரும்பியதா?

பதில் (பழஞ்சுவடி):
திரும்பியது. 1910இல் வரைந்த ‘தேவாலயத்துடன் முர்னாவ் 2’, ஜெர்மனியின் பாட்ஸ்டாமில் ஸ்டெர்ன் என்ற யூதத் தம்பதியர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் தொங்கியது. கூரைகளுக்கு மேலே கோபுரம் நீண்டு உயரும் படம் அது. கணவர் 1935இல் இறந்தார். நெதர்லாந்துக்குத் தப்பிய மனைவி ஜோஹன்னா மார்கரேட்டே 1944இல் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலுள்ள வான் ஆபே அருங்காட்சியகம் 1951இல் அதை வாங்கி வைத்திருந்து, 2022இல் வாரிசுகளிடம் ஒப்படைத்தது. 2023 மார்ச்சில் லண்டன் ஏலத்தில் அது ஏறத்தாழ 3.7 கோடி பவுண்டுக்கு விலைபோனது. வாரிசுகள் விற்றுவிட்டார்களே என்று குறைபடுவோர் உண்டு. ஆனால் 13 பேருக்கு உரிய ஒரே படத்தை வேறெப்படிப் பங்கிடுவது? ஸ்டெர்ன் தம்பதியரின் தொகுப்பில் காணாமற்போன மற்ற படைப்புகளைத் தேடும் ஆய்வுக்கும் அந்தப் பணம் உதவும் என்று அப்போதே அறிவித்தார்கள்.