ஆறு வரிக் கவிதைக்கு கொலாஜ் அனிமேஷன்: படம் சொல்லையே திருப்பிச் சொல்கிறது

தாள்குருவி:
நான் எழுதிய கவிதை ஒன்றுக்கு மூன்று வாரமாக அனிமேஷன் செய்துகொண்டிருக்கிறேன். கவிதை இது:

மழை விட்ட பிறகும்
விரிந்தே கிடக்கிறது
வாசலில் குடை.
உள்ளே நாற்காலி,
யாரோ எழுந்து போன
சூட்டோடு.

பழைய இதழ்களிலிருந்து கத்தரித்த துண்டுகளை மேஜையில் பரப்பி, மேலே போனைப் பொருத்தி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் படம் எடுக்கிறேன். நொடிக்கு 12 படம். வாசிப்பு 18 நொடி, ஆக 216 படம். எல்லாம் எடுத்து ஓட்டிப் பார்த்தால் அரிச்சுவடி மாதிரி இருக்கிறது. ‘குடை’ என்றதும் குடை வருகிறது, ‘நாற்காலி’ என்றதும் நாற்காலி வருகிறது. கவிதையைக் காணோம். சூட்டுக்கு ஆரஞ்சு நிறத் தாளை ஒட்டினேன். ஏதோ விளக்கு எரிவதாகத்தான் தெரிகிறது. போதாததற்கு, படம் முழுக்க வெளிச்சம் மினுக்கு மினுக்கென்று துடிக்கிறது.

கத்தரிமுனை:
துடிப்பைச் சரிசெய்வது எளிது. திரைச்சீலையை மூடிவிட்டு இரண்டு விளக்குகளை இரு பக்கமும் சாய்வாக வையுங்கள். போனில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஃபோகஸ், வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) மூன்றையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாகவே அளவை மாற்றும். கறுப்புச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், வெளிர்ச் சட்டையின் ஒளி தாளில் தெறிக்கும். அப்புறம், வெட்டிய விளிம்பில் தெரியும் வெள்ளைக் கோட்டைப் பென்சிலால் தடவி மறைத்துவிடுங்கள்.

ஈரமை:
உங்கள் கவிதையில் ஆளே இல்லை, ‘யாரோ’ என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பொருள்களைக் காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

குரல் தொடங்கும் முன்பே குடை திரையில் இருக்கட்டும். மழையைக் காட்டவே வேண்டாம். கம்பி நுனியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விழட்டும். ‘குடை’ என்ற சொல் வரும்போது நாம் உள்ளே, நாற்காலிக்குப் போய்விட்டிருக்க வேண்டும். படம் சொல்லுக்கு முன்னாலோ பின்னாலோ வரலாம், கூடவே வந்தால் இரண்டும் வீண்.

சொட்டுக்கு மட்டும் நான்கு மரக்கட்டைகள்மேல் ஒரு கண்ணாடியை வைத்து, அதன்மேல் நகர்த்துங்கள். கீழே உள்ள துண்டுகள் கலையாது. 1926-இல் வெளியான முழுநீளப் படம் ஒன்றைக் கத்தரித்த நிழலுருவங்களைக் கொண்டே எடுத்த ஜெர்மன் அனிமேஷன் கலைஞர் லோட்டே ரைனிகரும் இப்படிக் கண்ணாடி அடுக்குகளை வைத்து வேலை செய்தவர்தான்.

சூட்டுக்கு நிறம் எதற்கு? நாற்காலியில் ஒரு மெத்தை போடுங்கள். யாரோ உட்கார்ந்து எழுந்த பள்ளத்தோடு அது இருக்கட்டும். ‘சூட்டோடு’ என்று குரல் நின்ற பிறகு பள்ளம் மெல்ல மேலெழட்டும்.

தாள்குருவி:
ஈரமை, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பழைய 216 படங்களையும் அழித்துவிட்டேன்.

பள்ளம் குறைந்துகொண்டே வருகிற மாதிரி ஒரே தாளில் நான்கு மெத்தைகளை வெட்டினேன். முதலில் ஒவ்வொன்றுக்கும் 12 படம் கொடுத்தேன். படிக்கட்டு ஏறுவது போல் இருந்தது. என் வீட்டு மெத்தையை அழுத்திவிட்டு உற்றுப் பார்த்தேன்: கையை எடுத்ததும் சட்டென்று எழும்புகிறது, பிறகு நிதானமாகிறது, கடைசிக் கொஞ்சம் எழும்புவதே தெரியாமல் எழும்புகிறது. அதனால் 6, 8, 12, 22 என்று பிரித்தேன். மொத்தம் 48 படம், நான்கு நொடி. அந்த நான்கு நொடியும் குரல் கிடையாது, இசை கிடையாது.

நேற்று இரவு அம்மாவிடம் காட்டினேன். முடிந்ததும், “யார் எழுந்து போனது?” என்று கேட்டார். சொட்டு மட்டும் இப்போதும் தேவைக்குமேல் வேகமாக விழுகிறது, அதை மட்டும் இன்றைக்குத் திரும்ப எடுக்கப் போகிறேன்.