பழைய பென்ஸ் 240டி: ட்ராக்ஸ் பட்டறையா, பென்ஸ் ஸ்பெஷலிஸ்டா?

அப்பாவோட_பென்ஸ் (சென்னை):
வீட்ல 1982 மாடல் 240டி டீசல் பென்ஸ் கார் இருக்கு, டபிள்யூ123ன்னு சொல்ற சீரிஸ். காலைல ஸ்டார்ட் ஆக ரொம்ப நேரம் சுத்துது, புடிச்சதும் வெள்ளைப் புகை, சூடானா சரியாயிடுது. இம்போர்ட் வண்டி பாக்குற ஒரு பெரிய கராஜ்ல காட்டினேன், பானெட்டைத் திறந்து பாத்ததோட சரி, கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள்ள காத்து அமுங்குற அழுத்தம்) கூட செக் பண்ணாம இஞ்சினை இறக்கணும், மூணு லட்சம் ஆகும்னுட்டாங்க. எங்க தெருக்கோடில டெம்போ கம்பெனியோட ட்ராக்ஸ் ஜீப், ட்ராவலர் வேன் பாக்குற பட்டறை ஒண்ணு இருக்கு, அங்க விடலாமா?

மேட்டுப்பாளையம்_டிரைவர்:
தாராளமா விடுங்க. உங்க வண்டில இருக்குற ஓஎம் 616 இஞ்சினைத்தான் பஜாஜ் டெம்போ லைசென்ஸ் வாங்கி இங்கயே செஞ்சாங்க, ட்ராக்ஸ்ல வந்தது அதே குடும்பத்து 2.4 லிட்டர் இஞ்சின்தானுங்க. மலைல லோடு ஏத்தி ஓடுன ட்ராக்ஸ்களை வருசக்கணக்கா பிரிச்சுப் பூட்டுன கை அது. ஷோரூம்ல இப்ப இருக்குற பசங்களுக்கு கம்ப்யூட்டரை மாட்டுனாத்தான் வேலை ஓடும், இந்த வண்டில மாட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்களே.

டபிள்யூ123_காதலன்:
சார், இஞ்சின் ஒண்ணு தெரிஞ்சா போதுமா? இந்த வண்டில சென்ட்ரல் லாக் வேக்யூம்ல, அதாவது பைப்ல காத்தை உறிஞ்சி ஓடுது, சாவியைத் திருப்பி இஞ்சினை நிறுத்துறதும் வேக்யூம்தான், எங்கயாவது லீக் ஆனா சாவியை உருவின பிறகும் இஞ்சின் பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும். என் வண்டியை ஒரு டெம்போ பட்டறைல விட்டப்ப லீக் எங்கன்னு தேடாம, பைப்புக்குள்ள ஒரு போல்ட்டைச் சொருகி கிளாம்ப் போட்டு அனுப்பிட்டாங்க, டோர் லாக் மொத்தமும் செத்துப்போச்சு. பின்னாடி சப்ஃப்ரேம் ரப்பர், ஜாக் பாயின்ட் துரு இதெல்லாம் ட்ராக்ஸ் காரருக்கு எப்படி சார் தெரியும்?

மேட்டுப்பாளையம்_டிரைவர்:
அவரு கேட்டது ஸ்டார்ட்டிங் பிரச்சனைங்க, லாக்கைப் பத்தி யாரு கேட்டா? ஸ்பெஷலிஸ்ட்டுன்னு போர்டு போட்டவங்கதான பாக்காமயே மூணு லட்சம் சொன்னாங்க.

ஃபீலர்_கேஜ்:
ரெண்டு பேரும் பட்டறைப் பேரை வச்சே சண்டை போடுறீங்க, ஆளு அளந்து பாக்குறவரா இல்ல காதால கேட்டே முடிவு பண்றவரான்னு பாருங்க, அதான் முக்கியம். இந்த இஞ்சின்ல இடைவெளியைத் தானா சரிபண்ணிக்கிற ஹைட்ராலிக் டாப்பெட் கிடையாது, வால்வு கிளியரன்ஸை, அதாவது டாப்பெட் கேப்பை, கையாலதான் வைக்கணும், இஞ்சின் ஆறினப்புறம் இன்டேக் 0.10 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30. ஓட ஓட வால்வு சீட்டுக்குள்ள உக்காந்து இந்த இடைவெளி கொறஞ்சுக்கிட்டே வரும், வால்வு முழுசா மூடாது, கம்ப்ரஷன் போகும், காலைல நீங்க சொல்ற அதே வெள்ளைப் புகை வரும். அதுக்காக இஞ்சினை இறக்குறதா? டாப்பெட்டுக்குன்னே வளைஞ்ச 14ம் நம்பர் ஸ்பானர் இருக்கு, பட்டறைல அது இருக்கான்னு பாருங்க, எவ்வளவு கேப் வைப்பீங்கன்னும் கேளுங்க. "சத்தத்தை வச்சே வச்சிடுவேன்"னு பதில் வந்தா வண்டியைத் திருப்பிட்டு வந்துடுங்க.

அடுத்து ஹீட்டர் ப்ளக், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இஞ்சினுக்குள்ள சூடாக்குறது. 82ன்னா பென்சில் டைப்தான் இருக்கும், ஒவ்வொண்ணா மல்டிமீட்டர் வச்சுப் பாக்கலாம். அதைக் கழட்டுன ஓட்டைலயே கேஜ் மாட்டி கம்ப்ரஷனும் எடுத்துடலாம், நல்ல இஞ்சின்னா 22 பார் பக்கம் காட்டும், 15க்குக் கீழ போனாத்தான் பெரிய வேலையைப் பத்தி பேசணும். நாலு சிலிண்டருக்கும் எழுதித் தரச் சொல்லுங்க. எழுதித் தர யோசிக்கிற ஆளுகிட்ட இஞ்சினைக் குடுக்கவே கூடாது.

டபிள்யூ123_காதலன்:
இது ஒத்துக்கறேன். ஆனா டீசல் பம்ப்புல மட்டும் யாரையும் கை வைக்க விடாதீங்க, டீசல் அடிக்கிற டைமிங் 24 டிகிரின்னு தெரியாம பம்ப்பைத் திருப்பி புகையைக் கொறைச்சுட்டேன்னு சொல்றவங்க நெறைய. கழட்டணும்னா நேரா பாஷ் டீலர்கிட்ட கேலிபரேஷனுக்குத்தான் போகணும்.

மேட்டுப்பாளையம்_டிரைவர்:
அதை இல்லைன்னு சொல்லலைங்க. எங்க ஊர்லயும் பம்ப்புன்னா கோயமுத்தூர்தான். ஆனா பென்ஸ்ங்கற பேருக்கே கூலியை ஏத்துறாங்க பாருங்க, அதான் ஆகலை. பார்ட்ஸ்க்கும் ஜெர்மனிதான்னு பயமுறுத்துவாங்க, முதல்ல சென்னை ஜிபி ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைங்கள்ல ட்ராக்ஸ் சாமானா கேட்டுப் பாருங்க, பழைய சாம்பிளைக் கையில கொண்டு போய் அளவு ஒத்துப்பாத்து வாங்குங்க.

டபிள்யூ123_காதலன்:
இஞ்சின் சாமான் வரைக்கும் சரி. கண்ணாடி பீடிங், வேக்யூம் டயாஃப்ரம் எல்லாம் அங்க கிடைக்காது, அதை பென்ஸ் பார்ட் நம்பர் சொல்லி ஆர்டர்தான் போடணும். ஏறக்குறைய 27 லட்சம் வண்டி செஞ்ச மாடல், இன்னைக்கும் பார்ட்ஸ் வந்துட்டுதான் இருக்கு.

அப்பாவோட_பென்ஸ்:
ட்ராக்ஸ் பட்டறைக்குப் போய்ட்டு வந்தேன். டாப்பெட் கேப் கேட்டதும் பாயின்ட் ஒண்ணு, பாயின்ட் மூணுன்னு தயங்காம சொன்னாரு, வளைஞ்ச ஸ்பானரையும் எடுத்துக் காட்டினாரு. ராத்திரி வண்டியை விட்டுட்டுப் போங்க, ஆறின இஞ்சின்லதான் வைக்கணும்னு அவராவே சொன்னாரு. கம்ப்ரஷன் கேஜ் இல்லையாம், தெரிஞ்ச இடத்துல வாங்கி வைக்கிறேன்னாரு. டாப்பெட்டும் ஹீட்டர் ப்ளக்கும் மட்டும் பாக்கச் சொல்லி விடப்போறேன், வேக்யூம் பைப்பைத் தொடாதீங்கன்னும் சொல்லிட்டேன்.

டபிள்யூ123_காதலன்:
ஹீட்டர் ப்ளக் பழசைத் திருப்பி வாங்கிக்கோங்க சார். கம்ப்ரஷன் ரீடிங் வந்ததும் நாலு நம்பரையும் இங்க போடுங்க, சிலிண்டருக்கு சிலிண்டர் 3 பாருக்கு மேல வித்தியாசம் இருந்தா அப்ப பேசுவோம்.