பவர் ஸ்டேஷனுக்கு எந்த சோலார் பேனல்: இரண்டு 100 வாட்டா, ஒரே 400 வாட்டா?

சிப்புட்வாசி: சுங்கை சிப்புட் தோட்ட வீடு, தகரக் கூரை. மூன்று மணிக்கு மேல் செம்பனை நிழல் விழும். பவர் ஸ்டேஷன் பெட்டியின் (தூக்கிச் செல்லும் பேட்டரிப் பெட்டி) சோலார் உள்ளீட்டில் 12–50 வோல்ட், 10 ஆம்பியர், 200 வாட் என்று போட்டிருக்கிறது. எதை வாங்கலாம்?

வயர்மேன்: 100 வாட் பேனல் இரண்டு, சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக இணைத்து). கடையில் "12 வோல்ட் பேனல்" என்பார்கள், அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பின்பக்கச் சீட்டில் வி.ஓ.சி. (எதிலும் மாட்டாதபோது பேனல் காட்டும் வோல்ட்) என்ன என்று பாருங்கள். சுமார் 22.5 இருக்கும். இரண்டுக்கு 45, பெட்டி தாங்கும். மூன்றாவதைச் சேர்த்தால் 67.5. மாட்டிய நொடியிலேயே உள்ளீட்டுச் சர்க்யூட் கருகிவிடலாம்.

கூரையேறி: எதற்கு அண்ணே இரண்டு? 400 வாட் வீட்டுப் பேனல் ஒன்றே போதும். 108 அரைசெல் (பாதியாக வெட்டிய செல்) வகையின் வி.ஓ.சி. ஏறக்குறைய 37தான். நம் வெயிலில் செல் 60 டிகிரிக்குச் சூடேறும், வாட்டில் பத்து விழுக்காடுக்கு மேல் போய்விடும். 200 வாட் பேனல் 200 கொடுக்கவே கொடுக்காது. மேகம் மூடி வெளிச்சம் 30 விழுக்காடாக இறங்கினால் உங்களுக்கு 60 வாட், இதில் 120.

வயர்மேன்: ஆம்பியரை விட்டுவிட்டீர்களே தம்பி. அந்தச் சீட்டில் ஐ.எஸ்.சி. (இரு முனையையும் நேராகச் சேர்த்தால் பாயும் ஆம்பியர்) 13-க்கு மேல் இருக்கும்.

கூரையேறி: வோல்ட்தான் கொல்லும். ஆம்பியரைப் பெட்டி வேண்டிய அளவுக்குத்தான் இழுக்கும்.

வயர்மேன்: எல்லாம் ஒழுங்காக ஓடும்வரை அது சரி. துருவம் மாற்றி மாட்டினாலோ, உள்ளே ஒரு பாகம் ஷார்ட் ஆனாலோ, பேனல் தரக்கூடிய 13 ஆம்பியரும் அதன் வழியே பாயும். அதனால்தான் சில கையேடுகளில் "பேனலின் ஐ.எஸ்.சி. இதைத் தாண்டக் கூடாது" என்று தனியாக எழுதுகிறார்கள். இன்னொன்று, அது 20 கிலோவுக்கு மேல் இருக்கும், ஏறக்குறைய இரண்டு சதுர மீட்டர். பழைய சட்டத்தில் நிற்கும் தகரத்தில் புயல்காற்று அதைப் பிடித்தால் தகரத்தோடு போகும்.

அடுத்து, அந்தச் செம்பனை நிழலைப் பார்ப்போம். சீரியஸில் ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தாலும் பைபாஸ் டயோடு அதை ஒதுக்கிவிடும். மற்றது 18 வோல்ட் அளவில் ஓடும், பெட்டிக்கு 12 போதும். நிழலுக்குப் பேரலல் (பக்கம் பக்கமாக இணைப்பது) நல்லதுதான், ஆனால் இரண்டு பேனலின் 6 ஆம்பியரும் 6 ஆம்பியரும் சேர்ந்து 12 ஆகி அதே ஆம்பியர் சிக்கல் வரும். வயரிலும் இழப்பு கூடும்: 4 சதுர மில்லிமீட்டர் வயர், 10 மீட்டர் தூரம், 10 ஆம்பியருக்கு ஒரு வோல்ட் போகும். 18-இல் ஒன்று பெரிய இழப்பு.

சிப்புட்வாசி: கையேட்டில் "பேனல் ஐ.எஸ்.சி. 10-க்குள்" என்றுதான் இருக்கிறது.

கூரையேறி: அப்படியென்றால் 400 வேண்டாம், சீரியஸே போடுங்கள். அந்த வரி இல்லாத பெட்டிக்கு என் கருத்து அதேதான்.

வயர்மேன்: மாட்டுமுன் மல்டிமீட்டரால் வோல்ட்டையும் துருவத்தையும் பாருங்கள். குளிரில் வோல்ட் கூடும்: கேமரன் மலைக்கு எடுத்துப் போனால் 15 டிகிரிக் காலையில் 45 என்பது 46.5 வரை ஏறும், அதுவும் 50-க்குள்தான். சார்ஜ் ஏறும்போது பேனல் வயரின் எம்.சி.4 இணைப்பைப் பிடுங்காதீர்கள், டி.சி. பொறி விரலைச் சுடும். முதலில் பேனலைத் தடித்த துணியால் மூடுங்கள். பெட்டி வீட்டுக்குள், நிழலில் இருக்கட்டும். இடி கேட்குமுன்னே, வானம் கறுத்ததும் கழற்றிவிடுங்கள்.