மறு: 'ஷாட்கன் கிளாஸ்' (shotgun clause) என்ற ஒப்பந்த ஷரத்துக்குத் தமிழ்ச்சொல் – ஒருவிலைத் தெரிவா, ஒருவிலை விலகலா?

> 'துப்பாக்கி ஷரத்து' என்றே வைக்கலாம். மூலத்தின் மிரட்டல் தொனியும் கிடைக்கிறது.

மிரட்டல் கிடைக்கிறது ஐயா, பொருள் கிடைக்கவில்லை. 50:50 கூட்டு நிறுவனத்தில் பங்காளிகள் முட்டிக்கொண்டால் சாதாரணத் தீர்மானம்கூட நிறைவேறாது. தலைவருக்குக் கூடுதல் வாக்கு கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே பெரும்பாலும் எழுதிவிடுவார்கள். அந்த நிலையில் ஒருவர் பங்குக்கு ஒரு விலை சொல்கிறார். மற்றவர் கெடுவுக்குள் அதே விலைக்குத் தன் பங்கை விற்க வேண்டும். இல்லையேல் சொன்னவரின் பங்கை வாங்க வேண்டும். அண்ணன் பாகம் பிரிக்க, தம்பி முதலில் எடுப்பதுபோலத்தான். வாங்குவோமா விற்போமா என்று தெரியாமல் சொல்வதால் விலை நியாயமாக அமையும். விலை ஒருவருடையது, தெரிவு மற்றவருடையது. ஆகவே 'ஒருவிலைத் தெரிவு'.

—

> வாங்குவோமா விற்போமா என்று தெரியாமல் சொல்வதால்

ஏட்டில் அப்படி. நடைமுறையில் விலை சொல்பவருக்குப் பல நேரம் தெரிந்தேயிருக்கும். மொத்தம் 10 லட்சம் பங்கு, ஆளுக்கு 5 லட்சம் என்று கொள்வோம். பங்கின் மதிப்பு ₹550 என்பது இருவரும் அறிந்ததே. எதிர்த்தரப்பால் 60 நாளில் ₹15 கோடிகூடத் திரட்ட முடியாது என்று கணக்குப் போட்டவர் ₹400 என்கிறார். வாங்க ₹20 கோடி வேண்டும். கையில் இல்லாதவர் விற்றே ஆக வேண்டும், ₹7.5 கோடி நஷ்டம். பண பலத்தில் சமமில்லாத இடத்தில் இந்த ஷரத்தைப் போடுவது, பணக்காரப் பங்காளிக்குச் சாவியைக் கொடுப்பதுதான். கெடுவை 180 நாளாக்கலாம், அல்லது கீழ்வரம்பாக மதிப்பீட்டாளர் விலையை வைக்கலாம்.

இன்னொரு சிக்கல், தொழில்நுட்ப உரிமமும் வணிகப் பெயரும் ஒரு தரப்பிடம் இருந்தால், அவர் போனதும் ஆலையின் மதிப்பே இறங்கும். அதனால் பிரிவுக்குப் பின் உரிமம் எத்தனை மாதம், போட்டியில் இறங்காத காலம் எவ்வளவு என்பதையும் முன்பே எழுத வேண்டும். 2001இல் டிவிஎஸ்–சுசூகி பிரிந்தபோது, இந்தியாவில் போட்டி இருசக்கர வண்டி இறக்குவதில்லை என்று சுசூகி 30 மாதத்துக்கு ஒப்புக்கொண்டது.

சொல்லுக்கு வருகிறேன். 'தெரிவு' என்றால் வேண்டாம் என்று ஒதுங்கவும் வழியுண்டு என்று தோன்றும். இங்கே ஒதுங்க வழியில்லை. இருவரில் ஒருவர் வெளியேறியே தீர வேண்டும். 'ஒருவிலை விலகல்' என் முன்மொழிவு. 'முறிவு' வேண்டாம்; அது ஒப்பந்த மீறலுக்குப் போய்விட்டது. 'பிரிவு' சட்டப் பிரிவோடு குழம்பும்.

—

விலகலுக்கு என் வாக்கு. ஆனால் வெளிநாட்டுப் பங்காளி இருந்தால் 'ஒருவிலை' என்ற பாதியே ஆட்டம் காணும். அந்நியச் செலாவணி விதிப்படி, பட்டியலிடாத நிறுவனத்தில் இந்தியர் வெளிநாட்டவருக்கு விற்றால் விலை நியாய மதிப்புக்குக் குறையக் கூடாது. வெளிநாட்டவர் இந்தியருக்கு விற்றால் அதைத் தாண்டக் கூடாது. ஒரே விலை இரு திசையிலும் செல்ல வேண்டுமானால் அது மதிப்பீட்டாளர் எண்ணாகவே இருந்தாக வேண்டும். விலை சொல்லும் உத்திக்கு அங்கே வேலையே இல்லை. அந்நிய முதலீட்டுக்கு உச்சவரம்புள்ள துறையென்றால் ஒரு தரப்பால் முழுவதும் வாங்கவே முடியாது.

டாடா–டோகோமோ விவகாரமும் இந்த விலை விதியில்தான் சிக்கியது. டாடாவின் தொலைபேசி நிறுவனத்தில் பங்கு வாங்கிய ஜப்பானின் டோகோமோவுக்கு, விலகும்போது வாங்கிய விலையில் பாதியாவது கிடைக்கும் என்று டாடாவின் உறுதி இருந்தது. 2014இல் டோகோமோ அதைக் கேட்டபோது நியாய மதிப்பு அதற்கும் கீழே கிடந்தது. ரிசர்வ் வங்கி அனுமதிக்கவில்லை. 2016இல் லண்டன் நடுவர் மன்றம் சுமார் 117 கோடி டாலர் தரச் சொன்னது. பங்கு விலையாக அல்ல, இழப்பீடாக. அதனால்தான் 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறைவேற்ற வழிவிட்டது.

வரைவில் ஒரு கவனம்: பங்காளிகள் ஒப்பந்தத்தில் மட்டும் எழுதினால் போதாது. நிறுவனத்தின் நடைமுறை விதிகளில் (articles of association) இல்லாத பங்கு மாற்றுக் கட்டுப்பாடு செல்லாது என்று ரங்கராஜ் வழக்கில் 1991இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பதிவுக்கு இப்படிப் போடலாமா?

ஒருவிலை விலகல்: கூட்டு நிறுவனப் பங்காளி ஒருவர் அறிவிக்கும் ஒரே விலையில், மற்றவர் தன் பங்கை விற்கவோ அறிவித்தவர் பங்கை வாங்கவோ கட்டாயப்படுத்தும் ஷரத்து. தரப்புகள்: விலை கூறுநர், விடை கூறுநர்.