புதுப்பிப்பு: மாந்திரீக வரலாறு, எதை முதலில் வாசிப்பது?

மாந்திரீகம், சோதிடம், இரசவாதம் ஆகியவற்றின் வரலாற்றை அறிய எந்த நூலில் தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. கிளிநொச்சியில் கிடைக்காதவற்றை வெளிநாட்டிலிருக்கும் மச்சாள் அனுப்பிவைத்தார்.

தொடங்குவதற்கு ஏற்றது, மாந்திரீகத்தின் வீழ்ச்சி பற்றி வரலாற்றாசிரியர் கீத் தோமஸ் 1971இல் வெளியிட்ட ஆங்கில நூல்தான். 16ஆம், 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் களவுபோன பொருளுக்கும் தீராத நோய்க்கும் சனங்கள் குறிசொல்வோரை நாடினார்கள். அப்படி நாடிய சனங்களை மடையர்கள் என்று தோமஸ் ஒதுக்கவில்லை. அந்த வாழ்க்கையின் நிச்சயமின்மையை விளக்குகிறார். மாடு காணாமற்போனால் மை போட்டுப் பார்ப்பதை வன்னியிலும் கேள்விப்பட்டிருக்கிறோம். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளை உயிருடன் இருக்கிறானா என்று இன்றும் சாத்திரம் கேட்கப் போகும் தாய்மார் இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் வாய்திறக்காதபோது அவர்கள் வேறெங்கே போவார்கள்?

16ஆம் நூற்றாண்டு இத்தாலிய மெய்யியலாளர் ஜோர்டானோ புரூனோ பற்றிய பிரான்சிஸ் யேட்ஸின் நூல் (1964) கடினமானது. ஆனால், ஆதி எகிப்திய ஞானியுடையவை என்று நம்பப்பட்ட ஹெர்மெஸ் நூல்கள் கிறிஸ்துவுக்குப் பிற்பட்டவை என்று 1614இல் மொழியறிஞர் ஐசக் கசோபோன் மொழியை ஆராய்ந்தே நிறுவிய பகுதிக்காக அதை வாசிக்கலாம்.

இலங்கை மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகரவின் பத்தினி வழிபாட்டு ஆய்வை (1984) வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்குப் போகும் எல்லோரும் வாசிக்க வேண்டும். நம் கண்ணகிதான் சிங்கள மக்களின் பத்தினித் தெய்வம்.

பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், கழிப்புக் கழித்தல் பற்றி வன்னியில் எழுதப்பட்ட பழைய கொப்பிகள் உங்கள் வீடுகளில் இருந்தால் சொல்லுங்கள். படியெடுத்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.